எடுத்துச் செல்லும் பொத்தான்

“இதுவும் நமக்குச் சரிப்படாது அண்ணி,” என்று சொல்லி மூன்றாவது மென்பொருளையும் திரையிலிருந்து மூடினார் என் கணவர். முதலாவதை ஊரே வைத்திருப்பதால் திருடன் சுலபமாக உள்ளே புகுந்துவிடுவானாம். இரண்டாவதைக் கற்றுக்கொள்வதற்குள் தலை நரைத்துவிடுமாம். மூன்றாவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாம். இணையதளம் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு யார் வந்தாலும் இதே வரிசைதான், இதே வசனம்தான். எல்லாவற்றுக்கும் நொட்டை சொல்லி முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் சொந்த மென்பொருளைத் திறப்பார். அன்று எதிரே உட்கார்ந்திருந்தது என் அக்கா. அவளிடமாவது கொஞ்சம் மாற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை மாறவில்லை.

அக்கா, திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைப் பெற்றோர்களுக்காக ஓர் இலவசத் தளத்தில் பல வருடங்களாக எழுதிவந்தாள். அந்தத் தளத்தையே மூடப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும் எங்களிடம் வந்துவிட்டாள். யாரையும் எதிர்பார்க்காமல் தானே எழுத வேண்டும், தானே திருத்த வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

“நீங்களே ஒண்ணு எழுதிப் பாருங்க அண்ணி,” என்று விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் பிள்ளைகளிடம் முதலில் சொல்லும் வரியையே தட்டினாள். ‘அவசரமே இல்லை. மூச்சை இழுத்து விட்டுப் பேசு.’ அடுத்த நொடி அது பெரிய எழுத்தில் பக்கத்தில் வந்து நின்றது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒப்பந்தத்தை எடுத்து அவள் முன் வைத்துவிட்டு, இவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“மாப்ள, ஒண்ணே ஒண்ணு. நாளைக்கே எனக்கு இது ஒத்துவரலைன்னு வைங்க. நான் எழுதினதெல்லாம் மொத்தமா எடுத்துக்கிட்டுப் போக முடியுமா?”

“தாராளமா அண்ணி.”

கண்கூட இமைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா ஏன் அதைக் கேட்கிறாள் என்று இந்த மனுஷனுக்குத் தெரியாதா? கல்யாண வாழ்க்கை போதும் என்று அவள் புகுந்த வீட்டைவிட்டு வந்தபோது, படித்த சான்றிதழ்கள்கூட அங்கேதான் பீரோவில் பூட்டிக் கிடந்தன. அவற்றை வாங்க அவள் நாயாக அலைந்தாள். கூடவே அலைந்தவர் இவர்தான்.

“டீ போடணும், கொஞ்சம் வாங்க,” என்று அவரை அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

“எந்தப் பொத்தானை அமுக்கி எடுத்துக்கிட்டுப் போவா? காட்டுங்க பாக்கலாம்.”

“மெதுவா பேசு.”

அந்த மென்பொருளை எழுதியது நான். வாடிக்கையாளர்கள் தங்கள் தளத்தில் எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாகக் கணினியில் இறக்கிக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்திருந்தேன். பிரசவத்துக்குப் போய்விட்டுக் குழந்தையோடு திரும்பி வந்தால் பொத்தானைக் காணோம். வேலைக்கு இருந்த பையனிடம் சொல்லி மறைக்க வைத்திருக்கிறார். கேட்டால், வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்களாம். யாரும் குழம்பவில்லை. நாலு பேர் எழுதியதை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார்கள், அது இவருக்கு வலித்தது. அதற்காக எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் குழந்தை அழுதது, நான் எழுந்து போனேன், பேச்சு அத்தோடு நின்றது.

“அண்ணி கேட்டா நாமளே எடுத்துக் குடுத்துடப் போறோம். குடுக்க மாட்டேன்னா சொல்றேன்?”

“அந்த வீட்லயும் இதையேதான் சொன்னாங்க. கேட்டா குடுக்க மாட்டோமான்னு.”

அவர் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெரிய மனது பண்ணுகிறவர் போல, “சரி, அண்ணிக்கு மட்டும் போட்டுக் குடு. மத்தவங்களுக்கு வேண்டாம்,” என்றார்.

அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. என் அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இத்தனை வருடம் கூடவே இருந்து என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது இவ்வளவுதானா?

“எல்லாருக்கும் போடப் போறேன்.”

“பாதிப் பேர் போயிடுவாங்க. அப்புறம் நாம நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

“நிப்போம். பூட்டி வச்சாத்தான் இருப்பாங்கன்னா, அப்படி என்னத்தைக் கிழிச்சு வச்சிருக்கோம்?”

டீயை அவரையே போடச் சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன். மறைத்து வைத்திருந்த வரிகள் அப்படியேதான் இருந்தன. அவற்றை உயிர்ப்பித்து, சோதித்துப் பார்த்து, எல்லா வாடிக்கையாளர்களின் தளங்களுக்கும் ஒன்றாக அனுப்பினேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பது அவளுக்குப் புரியாததா?

“இப்ப அமுக்கிப் பாருக்கா. வலது பக்கம் மேல இருக்கு பாரு.”

‘எல்லாவற்றையும் எடுத்துச் செல்.’ அக்கா அமுக்கினாள். கோப்பு இறங்கியது. திறந்தாள். உள்ளே அந்த ஒரே வரி, ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. அவள் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகி, கோப்பை அதில் ஏற்றி, திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். ஒரே ஒரு வரிக்கு அத்தனை பத்திரம்.

அதற்குள் இவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேனாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லுங்க மாப்ள, எங்க கையெழுத்துப் போடணும்?”

அவள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பேனா அவர் விரல்களுக்கிடையே, மூடி திறக்காமல் இருந்தது.