விசிறியை விடாத தண்ணீர்

ஹெரன் பாயின்ட் படகுத்துறையில் வெர்னிஸ் கோல்சன் தன் படகின் மோட்டாரைத் தூக்கினால் தண்ணீரும் கூடவே எழுந்து வரும். வளைகுடா முழுக்க அல்ல, அவள் படகுக்கு அடியில் இருக்கிற தண்ணீர் மட்டும். பெரிய திண்டு மாதிரி குவிந்து மேலே வந்து, மோட்டாரின் அடியில் சுழலும் விசிறியைக் கவ்விக்கொண்டு நிற்கும். மோட்டாரை மேல் பூட்டில் மாட்டினால் தண்ணீரும் பூட்டிக்கொண்ட மாதிரி அப்படியே நிற்கும். சில நாள் அந்தத் திண்டுக்குள் மடவை மீன் வந்து மாட்டும். வெர்னிஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை விட்டு எடுத்து, மாவில் புரட்டிப் பொரித்துச் சாப்பிடுவாள். தெற்கு ஃபுளோரிடாவிலிருந்து படகில் வருகிறவர்கள் ஒருநாள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். மறுநாள் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போய்விடுவார்கள்.

வெர்னிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வீட்டை விற்று ஒரு கட்டமரான் வாங்கினாள்: இரண்டு மெலிந்த ஓடங்கள், நடுவில் தட்டு, மேலே பாய். அதிலேயே குடியும் ஏறினாள். மோட்டார் தட்டுக்கு அடியில், இரண்டு ஓடங்களுக்கும் நடுவே ஒரு பலகையைக் கவ்விக்கொண்டிருக்கும். துறையை விட்டு வெளியே வரும்வரைக்கும் மோட்டார் வேண்டும். பாயில் காற்று பிடித்ததும் கப்பிக் கயிற்றை இழுத்து மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே சாய்த்துப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் விசிறி தண்ணீரில் இழுபட்டு, படகு சோம்பேறி மாடு மாதிரி நகரும். மற்றவர்களின் படகுகள் சறுக்கிக்கொண்டு போகும்போது வெர்னிஸின் படகு தன் திண்டுத் தண்ணீரையும் சுமந்துகொண்டு பின்னால் வரும். பக்கத்துப் படகில் சிப்பி எடுக்கிற டூப்ரீ, மோட்டார் பலகையைக் கழற்றி இன்னும் உயரத்தில் மாட்டிக் கொடுத்தான். தண்ணீரும் அந்த உயரத்துக்கு வந்தது. வேகமாக இழுத்துப் பார்த்தார்கள். கப்பி கீச்சென்று கத்தியதுமே தண்ணீர் உஷாராகிவிட்டது. மெதுவாக இழுத்தாலும் அதே கதைதான். “விட்டுத் தொலையேன் சனியனே” என்று வெர்னிஸ் திட்டுவாள். அது லேசாகக் குலுங்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. படகுச் சங்கத்தின் வருடாந்திரப் பந்தயம்தான் பெரிய விஷயம். ஹாக் தீவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை விசிறி தண்ணீரில் படக்கூடாது. மூன்று வருடம் தொடர்ந்து தோற்கடிக்கப்பட்டால் பரவாயில்லை, மூன்று வருடம் தொடர்ந்து விலக்கப்பட்டால் காற்றுக்கு ஒதுக்கமான உள்துறையில் படகு கட்டுகிற இடம் போய்விடும். அப்புறம் வெளியே திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். வெர்னிஸை இரண்டு வருடம் விலக்கியாகிவிட்டது. விலக்கியவர் சங்கத் தலைவர் ராய்ஸ் பிங்கம். காப்பீடு விற்கிறவர். படகின் பின்கம்பியில் இறைச்சி வாட்ட பளபளவென்று ஒரு கறியடுப்பைத் தொங்கவிட்டிருப்பார்.

“விசிறி நனைஞ்சிருக்கு, வெர்னிஸ்.”

“தண்ணி மேல ஏறி வந்தா நான் என்ன பண்ணட்டும், ராய்ஸ்? இறங்குன்னு சொல்லிப் பாரேன், உன் பேச்சையாவது கேக்குதான்னு பாப்போம்.”

“ஏறி வந்த தண்ணியும் தண்ணிதான்.”

பந்தயத்தன்று காலையில் டூப்ரீ அவித்த வேர்க்கடலைப் பையோடு வந்து உட்கார்ந்தான். வெர்னிஸ் மோட்டாருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மிஸ் வெர்னிஸ், வெளிய நங்கூரம் போட்டீங்கன்னா சனவரி வாடைக்காத்துக்கு இந்தப் படகு தாங்காது. சொல்லிட்டேன்.”

“எனக்கு மட்டும் தெரியாதா? வேற வீடா வச்சிருக்கேன்? தோலக் கீழ போடாதடா, தட்டு முழுக்க உப்பு.”

அந்தப் பேச்சில்தான் அவள் கொக்கியை மறந்தாள். ரிவர்ஸ் கொடுக்கும்போது மோட்டார் துள்ளி மேலே வராமல் பிடித்து வைக்கிற சின்னக் கொக்கி அது. அதை மாட்ட மறந்தவர்கள் அந்தத் துறையில் ஏராளம். படகை நிறுத்த ரிவர்ஸ் கொடுப்பார்கள், மோட்டார் வாலைத் தூக்கிக்கொள்ளும், படகு நேரே போய் மரத்தூணில் முட்டும், மனைவி மூன்று நாள் பேச மாட்டாள். வெர்னிஸ் ஒருநாளும் மறந்ததில்லை. அன்றைக்கு மறந்தாள்.

ஆரம்பக் கோட்டை நோக்கி எல்லோரும் மோட்டாரில் போய்க்கொண்டிருந்தபோது ராய்ஸ் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தார். “யோவ், கண்ணு எங்க இருக்கு?” என்று கத்தியபடி வெர்னிஸ் ரிவர்ஸை முழுசாகத் தள்ளினாள். மோட்டார் எகிறிக் குதித்து வெளியே வந்து, தானாகவே பூட்டிலும் போய் விழுந்தது. விசிறி காற்றில் ஊளையிட்டது. படகு போய் இடித்ததில் ராய்ஸின் கறியடுப்பு தண்ணீரில் விழுந்து முழுகியது. வெர்னிஸ் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தாள். கப்பி கத்தவில்லை, கயிறு அசையவில்லை, தண்ணீருக்குச் சேதியே போகவில்லை. அது கீழேயே கிடந்தது. விசிறியிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்தது.

பந்தயம் தொடங்கக் கொடி இறங்கியது. பாயை இழுத்துக் கட்டியதும் படகு வழுக்கிக்கொண்டு போன போக்கில் வெர்னிஸே பயந்துவிட்டாள். தண்ணீருக்குச் சற்றுப் பொறுத்துத்தான் விஷயம் புரிந்தது. விசிறியைக் காணோம். உடனே தேடிக்கொண்டு கிளம்பியது. இந்தத் தடவை படகுக்கு அடியில் இருந்தது மட்டும் அல்ல, வளைகுடாவில் இருந்த மொத்தமும். வெர்னிஸுக்குக் கீழேயும் பின்னாலேயும் ஒரு மேடாகக் கூடி, ஹாக் தீவைச் சுற்றி அவள் போன வழியெல்லாம் போனது. விசிறி தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருப்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. மற்ற படகுகள் இருந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டன. டூப்ரீயும் அவன் ஆட்களும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கூடையோடு பந்தயப் படகுகளுக்கு நடுவே நடந்து சிப்பி பொறுக்கினார்கள். ராய்ஸும் இறங்கித் தன் அடுப்பைத் தேடினார். “அந்தப் பக்கம் ஆழமான சேறு, மிஸ்டர் ராய்ஸ், சொன்னா கேளுங்க” என்று டூப்ரீ சொல்லி முடிப்பதற்குள் இடுப்புவரை போய்விட்டார்.

வெர்னிஸ் தீவைச் சுற்றித் தண்ணீரோடு திரும்பி வந்தாள். அவள் வர வர, சாய்ந்து கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கோட்டைத் தாண்டியதும் ராய்ஸ் சேறு சொட்டச் சொட்ட அவள் தட்டில் ஏறி, குப்புறப் படுத்து, விசிறியைத் தொட்டுப் பார்த்தார். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“என்ன?” என்றாள் வெர்னிஸ்.

“சுடுது.”

“வெயில்ல காஞ்சா சுடத்தான் செய்யும். எழுந்திரு, தட்டு பூரா சேறாக்கிட்ட.”

உள்துறையில் அவள் இடம் அவளுக்கே இருந்தது. அன்றைக்கு மோட்டாரை இறக்கியபோது தண்ணீர் விசிறியைப் பழையபடி வாங்கிக்கொண்டது. அதன்பிறகு வெர்னிஸ் கயிற்றைத் தொடுவதே இல்லை. பாய் விரிக்கப் போகும்போது கொக்கியைக் கழற்றிவிட்டு ரிவர்ஸைத் தள்ளுவாள். ராய்ஸ் இரண்டு வருடம் பந்தய விதியைத் திருத்தப் பார்த்துவிட்டு, புது அடுப்பு வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். சிப்பிக்காரர்கள் கடல் ஏறி இறங்கும் நேரத்துக்கு ஓத அட்டவணை பார்ப்பதை விட்டுவிட்டார்கள். “மிஸ் வெர்னிஸ், வியாழக்கிழமை எங்கயாச்சும் போறீங்களா?” என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்கள். காலையில் கதவைத் திறந்து வெளியே வெறும் சேற்றைப் பார்க்கிற ஹெரன் பாயின்ட்காரர்கள், வெர்னிஸ் கடைக்குப் போயிருக்கிறாள் என்று உள்ளே திரும்பிச் சொல்லிவிட்டு, காப்பியை இன்னொரு கோப்பை ஊற்றிக்கொள்வார்கள்.