ஆரஞ்சுச் சட்டைக்காரர் வரும்வரை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று என் வண்டியின் இரண்டு சக்கரங்கள் மீதும், என் மனைவி மேவிஸ் விட்டுப்போன தேநீர்ப் பானை மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். பானையின் மூக்கு உடைந்திருக்கிறது. ஆனாலும் ஆணைக்கு அது செல்லும்.

என் பெயர் ஹெட்லி. வயது எழுபத்தாறு. யார்க்ஷயரில், ஆடுகள் மனிதர்களைவிட அதிகமாகவும் மனிதர்களைவிட மரியாதையாகவும் இருக்கிற மலைப்பக்கத்தில் குடியிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பர் முதல் ஞாயிறன்று, நாங்கள் பன்னிரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் ஐந்து கஃபேக்களைச் சுற்றி வருவோம். ஒவ்வொரு கஃபேயிலும் தேநீர் குடித்து, அட்டையில் முத்திரை குத்திக்கொள்வோம். ஐந்தும் விழுந்துவிட்டால், ஊர்க்காரர்கள் வாக்குக் கொடுத்தபடி மருத்துவ இல்லத்துக்கு நன்கொடை தருவார்கள். சாகப்போகிறவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற இல்லம் அது. மேவிஸ் தன் கடைசி ஒன்பது வாரங்களை அங்கேதான் கழித்தாள். அவர்கள் போடும் தேநீரைத் தவிர வேறெதிலும் அவளுக்குக் குறையில்லை.

முப்பத்தோரு வருடம் என் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தவள் அவள். தோளில் ஒரு தட்டு தட்டினால், மெதுவாகப் போ. இரண்டு தட்டினால், தேநீர். மூன்று தட்டு ஒரே ஒருமுறைதான் தட்டினாள். அவளுடைய கைப்பை இரண்டு மைல் பின்னால் விழுந்திருந்தது. பின் சக்கரத்தின் காற்றை நான் இன்னமும் இரண்டு பேருக்கான அளவில்தான் வைத்திருக்கிறேன். அதனால் தனியாகப் போகும்போது வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. சரிசெய்ய ஒரு நிமிடம் ஆகாது. செய்யவில்லை.

இனி எங்கள் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வண்டி சேர்ந்து போனால் பின்னால் வருகிறவர்கள் வழி தவறுவார்கள். ஆகவே முன்னால் போகிற தலைவர் ஒரு முச்சந்திக்கு வந்ததும், தனக்கு அடுத்து வருகிறவருக்குக் கையைக் காட்டுவார். அவர் அங்கேயே ஓரங்கட்டி நின்று மற்றவர்களுக்குத் திசை காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியில், ஆரஞ்சு மேற்சட்டை போட்ட ஒருவர் வருவார். அவர் வந்து சேரும்வரை நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. மழை, பசி, சிறுநீர் எதுவும் காரணம் ஆகாது.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. நான் வீடு திரும்பினேனா இல்லையா என்று பார்க்க வீட்டில் யாருமில்லை. சமையலறையில் விழுந்து கிடந்தால் பால்காரர் கண்டுபிடிக்க வியாழக்கிழமை ஆகும். ஆனால் அந்த ஒரு ஞாயிறு மட்டும், நான் எந்த மூலையில் நின்றாலும் என்னைத் தேடி வருவதற்கென்றே ஒரு ஆளை நியமித்திருக்கிறார்கள். அதற்காகத்தான் வருடம் முழுவதும் காத்திருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைவர் நோரீன், ஓய்வுபெற்ற நர்ஸ். போன செப்டம்பரில் அவள் ஆரஞ்சுச் சட்டையைக் கொடுத்த ஆளைப் பற்றி எனக்கு நெடுநாளாகவே நல்ல அபிப்பிராயம் இல்லை. காது மந்தம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற ரகம்.

"எல்லாரையும் பொறுக்கிக்கிட்டு வரணும். ஒருத்தரையும் விட்டுட்டு வரக் கூடாது. புரிஞ்சுதா?" என்று நோரீன் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"இவருகிட்டயா குடுக்கிற? அப்ப நாளைக்குத்தான் வீடு போய்ச் சேருவோம்" என்றான் க்ளிஃப். அவன் எங்கள் ஊரில் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவன். எதிலும் நம்பிக்கை குறைவு.

முதல் இரண்டு கஃபேக்கள் நல்லபடியாக நடந்தன. மூன்றாவதில் இருந்து வெளியே வந்தபோது மழை. எங்கள் ஊர் மழை மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து வரும். எல்லோரும் முனகிக்கொண்டே கறுப்பு மழைக்கோட்டுகளுக்குள் நுழைந்தோம். அதைப் போட்டுத் தலைக்கவசமும் மாட்டிவிட்டால், யார் யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. என் வண்டி அன்றைக்கு முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அது பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். அந்த ஆச்சரியத்தில் நோரீனுக்குப் பின்னாலேயே கிளம்பிவிட்டேன்.

முதல் முச்சந்தி வந்தது. நோரீன் தலையைத் திருப்பாமலே இடது கையை நீட்டினாள். நான் ஓரங்கட்டி நின்றேன். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆவி படிந்த தலைக்கவசக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒவ்வொருவரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வணக்கம் சொல்லிவிட்டு இடதுபுறம் திரும்பிப் போனார்கள். சத்தம் மலைக்கு அப்பால் போய் அடங்கியது.

ஆரஞ்சுச் சட்டை மட்டும் வரவில்லை.

முதல் நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் அது ரொட்டிக்கு வெண்ணெய் தடவத்தான் பயன்படும். ஆடுகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. அதில் ஒரு கிழட்டு ஆடு மட்டும் எனக்கு எதிரே சாலையின் மறுபக்கம் நின்று, நான் கை காட்டும்போதெல்லாம் அதுவும் இடதுபுறம் தலையைத் திருப்பிக் காட்டியது. ஒரு பால் லாரி ஓட்டுநர் என்னை விட்டுவிட்டு அதை நம்பிப் போனார். சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி.

இரண்டாம் நாள் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். சாலைப் பலகைகளைக் கணக்கெடுக்கிற ஊழியர். என்னைச் சுற்றி வந்து, முழங்கால் இரண்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"நான் மனுஷங்க" என்றேன்.

"அது உங்க சொந்த விஷயம்யா. ஆட்டம் இல்லாம நிக்கிறீங்களா, அதுதான் எனக்கு வேணும்" என்று சொல்லி, 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார். மேவிஸ் போனபிறகு என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அன்று பிற்பகல், எதிர்ப் பண்ணையிலிருந்து திருமதி ஆல்டர்சன் குடை பிடித்துக்கொண்டு ஒரு குவளை தேநீரோடு வந்தார். முன்பின் பழக்கம் இல்லாதவர்.

"சன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், ஐயா. யாருக்காக நிக்கிறீங்க?"

"ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருத்தர் வரணும்மா."

"வரலேன்னா?"

"வருவாரு. அதுதானே அவரு வேலை."

அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். மழையைத் தவிர ஒன்றும் இல்லை. "இப்படி நனையறீங்களே, வீட்ல தேட மாட்டாங்களா?"

தேநீரைக் குடித்தேன். நல்ல தேநீர். குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் பின் இருக்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தோல் உறையின் நடுவில் ஒரு பள்ளம். அதில் மழைத்தண்ணீர் தேங்கி, இரண்டு கோழிக்குஞ்சு குடிக்கிற அளவுக்கு இருந்தது.

"உள்ள வந்து அடுப்பாண்ட உக்காருங்களேன்" என்றார்.

"நகரக் கூடாதும்மா. விதி."

"நல்ல விதி போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சன்னல் விளக்கை மட்டும் பகலிலேயே போட்டு வைத்தார். அது எனக்காகத்தான் என்று வைத்துக்கொண்டேன். அவருக்குத் தையல் வேலை இருந்திருக்கவும் கூடும்.

மூன்றாம் நாள் என் வலது கையுறையில் காளான் முளைத்தது. அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனதுக்குள் ஒன்று முளைத்ததுதான் தொந்தரவு. என்னைத் தேடி வருவதற்கென்று உலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். அவரும் மறந்துவிட்டார். மற்ற பத்துப் பேரும் நாலாவது கஃபேயில் பன்றிக்கறி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு, ஈரக் காலுறைகளை அடுப்பருகே காயப்போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஹெட்லி எங்கே என்று ஒருவராவது கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால் இந்நேரம் யாராவது வந்திருக்க மாட்டார்களா?

வீட்டுக்கு இருபது நிமிடம்தான். போய்விடலாம் என்று சாவியைத் திருகினேன். போனால் அதோடு சரி. இனி இவர்களோடு வருவதில்லை, வண்டியை விற்றுவிடுவது என்றும் முடிவு செய்தேன்.

அப்போதுதான் அந்த ஆரஞ்சு ஆளைப் பற்றி யோசித்தேன். அந்த மனிதருக்கும் வீட்டில் யாருமில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவேளை அவரும் எங்கேயோ ஒரு மூலையில், வழி தெரியாமல், நனைந்துகொண்டு நிற்கிறாரோ என்னவோ. கடைசியில் வருகிறவரைத் தேடுவதற்கு அவருக்குப் பின்னால் யாரும் கிடையாது. நானும் போய்விட்டால், அவர் இங்கே வந்து சேரும்போது திசை காட்ட ஆள் இருக்காது. உதவாக்கரைதான். ஆனாலும் மனிதர்.

சாவியைத் திருப்பி அணைத்தேன். நின்றேன்.

நோரீன் வந்தாள். முன்னால் போனவள் எதிர்த்திசையிலிருந்து தனியாக வந்து, பக்கத்தில் நிறுத்தி தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கினாள்.

"ஹெட்லியா? இங்க என்ன பண்ற?"

"நீதானே கையக் காட்டின. நிக்கிறேன்."

"எவ்வளவு நேரமா?"

"மூணு நாளா."

"ரெண்டரை மணி நேரம்" என்றாள். அவள் கைக்கடிகாரம் கட்டியிருந்தாள், நான் கட்டவில்லை. அதனால் இந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடு இல்லை.

"அந்த ஆரஞ்சு ஆளு வரவேயில்ல, நோரீன். யாருகிட்ட போய் வேலையக் குடுத்திருக்க பாத்தியா? அவருக்குத் தன்னத்தானே பாத்துக்கத் தெரியாது, அடுத்தவங்களப் பொறுக்கிக்கிட்டு வருவாராம்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் ஓடியது மழைத்தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்.

"நாலாவது கஃபேக்கு நான் ஒருத்தி மட்டும்தான் போய்ச் சேர்ந்தேன்" என்றாள். "பன்னெண்டு டீ சொல்லிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல. என்னடான்னு திரும்பி வந்தா, பத்து முச்சந்தியில பத்துப் பேரு நனைஞ்சுகிட்டு நிக்கிறாங்க. 'போய்த் தொலைங்கப்பா, குளிர் புடிச்சுடும்'னு சொன்னா ஒருத்தரும் நகர மாட்டேங்கிறாங்க. 'அவரு வராம எப்படிப் போறது'ங்கிறாங்க."

"யாரு வராம?"

"ஆரஞ்சு ஆளு வராம."

"அந்த ஆளுக்காகவா பத்துப் பேரு நிக்கிறாங்க?"

"அந்த ஆளுக்காகத்தான்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைப்பானேன்.

"மழைக்கோட்டக் கழட்டு" என்றாள் நோரீன்.

"நனைஞ்சிடுவேனே."

"கழட்டுன்னா கழட்டு, கெழவா."

கழற்றினேன். அவள் முன்னால் போக, நான் பின்னால் போனேன். ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒருவர் தன்னந்தனியாக, ஒரு வேலியோரமாகவோ கல்சுவர் ஓரமாகவோ நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒவ்வொருவரும் இரண்டு கையையும் தூக்கிக் கத்திவிட்டு, வண்டியைக் கிளப்பி எனக்கு முன்னால் சேர்ந்துகொண்டார்கள்.

ஆறாவது முச்சந்தியில் க்ளிஃப் நின்றான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"யோவ் பெருசு! செத்துப் போயிட்டேன்னு நெனச்சு உனக்கு இரங்கல் பேச்செல்லாம் யோசிச்சு வச்சிட்டேன்யா. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. எல்லாம் வீணாப் போச்சு."

"வச்சுக்கோ, கெட்டுப் போவாது" என்றேன்.

நாலாவது கஃபேயில் பன்னிரண்டு குவளையும் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தன. ஒருவரும் புதிதாகக் கேட்கவில்லை. அப்படியே குடித்தோம். அந்தக் கடைசிப் பத்து முச்சந்தியிலும் என் வண்டி ஒருமுறைகூடத் தூக்கிப் போடவில்லை. நான் நனைந்து கனத்துப் போயிருந்ததால் இருக்கும்.

அன்று காலை நோரீன் அந்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிட்டது எனக்கு.