பாட்டில் எண் 117

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் செல்லக்கா. உயிர்ச் செல் வளர்க்கிற அக்கா என்பதால் வந்த பெயர். செல்லம் கொடுக்கிறவள் என்று நினைத்து யாராவது பக்கத்தில் போனால் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டுதான் திரும்புவார்கள். கையுறை இல்லாமல் கதவைத் தொட்டவன், மருந்து கலக்கும் மேசைக்கு முன்னால் நின்று தும்மியவன், போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தவன் என்று அவளிடம் திட்டு வாங்காத ஆளே அங்கே கிடையாது. தலைமை விஞ்ஞானியான மேடமே ஒருமுறை வாங்கியிருக்கிறார்.

அவர்கள் செய்வது மரபணு மருந்து. பிறவியிலேயே ஒரு மரபணு பழுதாகிப்போன குழந்தைக்கு நல்ல மரபணு ஒன்றை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதைச் சுமந்துபோக, நோய் உண்டாக்க முடியாதபடி பல்லைப் பிடுங்கிய ஒரு வைரஸ். அந்த வைரஸோ உயிருள்ள செல்லுக்குள்தான் உருவாகும். மேடம் எத்தனை பட்டம் வாங்கியிருந்தால் என்ன, செல்லக்காவின் செல்கள் முரண்டு பிடித்தால் மருந்து இல்லை. பதினாறு வருடமாக அவள்தான் அவற்றுக்குத் தீனி போடுகிறாள்.

இந்தத் தடவை மருந்து பதினான்கு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு. தசையை அசைக்கும் நரம்புகள் அதற்கு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. மருந்து போட்டால் சாவது அந்த இடத்தோடு நிற்கும். அதுவரை போனது போனதுதான், திரும்பி வராது. அதனால் ஒரு வாரம் முந்தினால் ஒரு வாரம் லாபம். எட்டு வாரம் பாடுபட்டு மருந்தும் தயாராகி, சோதனைகள் எல்லாம் தேறி, திங்கட்கிழமை ஊசி என்று நாளும் குறித்தாயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் செல்லக்கா நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவள் கணவர் அடுப்படியில் இருந்தார். இரண்டு அடுப்பிலும் இரண்டு பாத்திரம். ஒன்றில் கிண்டிய கரண்டியைக் கழுவாமல் அப்படியே அடுத்ததில் விட்டார்.

"அய்யய்ய, அதே கரண்டியை ஏங்க இதுல விடுறீங்க?"

"ரெண்டும் ஒரே வயித்துக்குத்தானே போகுது? இது என்ன உன் லேபா?"

செல்லக்கா சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆறு வாரத்துக்கு முன்னால், பயிற்சிக்கு வருகிறவர்களின் மேசை பழுதாகிக் கிடந்தது. அவர்கள் பழகுவதற்கு வைத்திருந்த செல்களையும் அந்த ஒரு வாரம் இவள் மேசையில்தான் பார்த்துக்கொண்டாள். அவை புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தவை. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் தனித்தனித் தீனி பாட்டில் என்பதுதான். அந்த வாரத்தில் ஒரு நாள் வேலையின் நடுவே, அவள் பையன் விழுந்து தாடை கிழிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவள் பதறிப்போய், கையிலிருந்த வேலையை அவசர அவசரமாக முடித்துவிட்டு ஓடினாள். கிளம்பும்போது மேசைமேல் எத்தனை பாட்டில் திறந்திருந்தது? எத்தனை தடவை யோசித்தாலும் ஒரே ஒரு பாட்டில்தான் கண்முன்னால் வந்தது. அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பதிவேட்டைத் திறந்தாள். பயிற்சிச் செல்கள், பாட்டில் எண் 117. அடுத்த வரியில் மருந்துச் செல்கள், பாட்டில் எண் 117. இரண்டும் அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்து. பயிற்சிச் செல்களைத் தொட்ட குழாய் அந்தப் பாட்டிலுக்குள் போயிருக்கிறது. அந்தப் பாட்டிலிலிருந்துதான் மருந்துச் செல்களுக்கும் ஊற்றியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் செய்த காரியம் இது!

பக்கத்தின் அடியில் தரச் சோதனை அதிகாரியின் கையொப்பம் இருந்தது. அவர் கையொப்பம் இல்லாமல் அங்கே ஒரு துரும்பும் நகராது என்பதால் அவருக்குப் பட்டப்பெயரே கையெழுத்துதான். அவர் வந்ததும் பக்கத்தைத் திருப்பி முன்னால் வைத்தாள். மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிருச்சே."

"நூத்துல ஒண்ணு கலந்திருந்தா உங்க டெஸ்ட் காட்டும். ஆயிரத்துல ஒண்ணுன்னா காட்டுமா?"

"வடிகட்டியிருக்கோமே."

"வடிகட்டினா செல்லு நிக்கும். உடைஞ்ச செல்லோட துணுக்கும் நிக்குமா? கட்டியோட துணுக்குங்க அது. குழந்தையோட ரத்தத்துல நேரா ஏத்தப் போறோம்."

"கலக்கவே இல்லாமலும் இருக்கலாம் இல்லையா?"

இருக்கலாம்தான். விடிய விடிய அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை ஊசி போட்டுவிடுவார்கள். திறந்தால் குழந்தைக்கு வாரக்கணக்கில் நரம்பு போகும். இந்தப் பக்கம் போனாலும் அடி, அந்தப் பக்கம் போனாலும் அடி.

"என் பிள்ளையா இருந்தா இதைப் போட விடுவேனா? மாட்டேன். வாங்க, மேடத்துக்கிட்ட போவோம்" என்றாள்.

மேடம் கத்திய கத்தல் வெளி வராந்தா வரை கேட்டது. "பதினாறு வருஷமா என்னத்த கிழிச்ச? ஒரு பாட்டில் நம்பரைப் பார்க்கத் துப்பில்லையா?" நியாயமான திட்டு என்று செல்லக்காவுக்கே தெரியும். மேடம் ஓய்ந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தப்பு நடந்ததுக்கு முன்னாடியே உறைய வச்ச குப்பி மூணு இருக்கு மேடம். அதுலேருந்து ஆரம்பிச்சு அஞ்சு வாரத்துல தர்றேன்."

"எட்டு வார வேலை. கிருமிச் சோதனைக்கு மட்டும் பதினாலு நாள். அதுல ஒரு நாள்கூடக் குறைக்க விடமாட்டேன்."

"அதைக் குறைக்க வேணாம். மிச்சத்தைக் குறைக்கிறேன். செல்லுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது, நமக்குத்தான் தெரியும்."

"உன்னை அந்த ரூமுக்குள்ள விடலாமான்னே யோசிச்சிட்டிருக்கேன்."

"வேலை முடிஞ்சதும் வெளிய அனுப்புங்க. இன்னொருத்தர் கை பழக ரெண்டு மாசம் ஆகும். அந்தக் குழந்தைக்கு ரெண்டு மாசம் ஏது?"

மேடம் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். தயாரான மருந்தைச் செல்லக்கா தன் கையாலேயே கொண்டுபோய் அழித்தாள்.

முதல் குப்பி காலை வாரியது. உருக்கி ஊற்றிய செல்கள் தட்டில் ஒட்டாமல் செத்து மிதந்தன. இரண்டு நாள் பாழ். இரண்டாவது குப்பி ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அவள் அவற்றை விட்டு நகர்ந்தால்தானே! தினமும் காலையிலும் மாலையிலும் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்தாள். நெருக்கியடித்தால் பிரித்தாள், சோர்ந்தால் தீனி மாற்றினாள். வீட்டுக்காரர் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். பையன் வீட்டுப்பாடத்தைப் போனில் வாசித்துக் காட்டினான்.

கையெழுத்து ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார். மூடியைத் தொடும்போதெல்லாம், "பாட்டில் நம்பர்?" என்பார்.

"இருநூத்தி நாலு."

"எந்தச் செல்லுக்கு?"

"இந்த ரூம்ல வேற செல்லே கிடையாது, எல்லாத்தையும் நீங்கதானே விரட்டிவிட்டீங்க!"

"பரவால்ல, சொல்லுங்க."

அவளும் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னாள்.

ஐந்தாம் வாரம் வெள்ளிக்கிழமை கிருமிச் சோதனை தேறியது. திங்கட்கிழமை குழந்தைக்கு மருந்து ஏறியது. அடுத்த இரண்டு மாதமும் காய்ச்சல், ஈரல், ரத்தம் என்று எதையெதையோ சோதித்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. நரம்பு சாவது நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதி அனுப்பினார்.

ஆய்வுக்கூடத்து ஆட்கள் நோயாளியைப் பார்க்கப் போகிற வழக்கமில்லை. செல்லக்கா ஒற்றைக் காலில் நின்றாள். தாமதம் என்று மட்டும்தான் குழந்தையின் தாயிடம் சொல்லியிருந்தார்கள். யாரால் தாமதம் என்பதைத் தானே சொல்ல வேண்டும் என்றாள். மேடம் தலையில் அடித்துக்கொண்டு கூடவே அழைத்துப் போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. தாயின் மடியில் குழந்தை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. செல்லக்கா எதையும் பூசி மெழுகாமல், பாட்டில் எண் முதற்கொண்டு சொல்லி முடித்தாள்.

தாய் அழவில்லை. குரல்தான் நடுங்கியது. "நீங்க முதல்ல சொன்ன திங்கட்கிழமை வரைக்கும் இவ கையைத் தூக்கி என் மூக்கைப் புடிப்பா. அந்த அஞ்சு வாரத்துல அது போச்சு. இப்ப விரல் மட்டும்தான் அசையுது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. இப்பத்தான் தெரியும்."

"கழுத்து நிக்குது. மூச்சு தானா விடுறா. அதுவும் உங்களாலதான்னு டாக்டர் சொல்றாரு. நான் உங்களை என்ன செய்யறது? திட்டறதா, கும்புடறதா?"

"திட்டுங்க."

தாய் திட்டவில்லை. குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள், முடியை ஒதுக்கினாள். செல்லக்காவுக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. குழந்தை அவளையே பார்த்தது, தலை ஆடாமல்.

"இவளை மாதிரி இன்னும் எத்தனை பிள்ளைங்க காத்திட்டிருக்கு?" என்று தாய் கேட்டாள்.

"நாலு."

"அதுங்களுக்கும் வாரா வாரம் இப்படித்தான் போயிட்டிருக்குமா?"

"ஆமாம்."

"அப்புறம் இங்க உட்கார்ந்து என்ன அழுதுட்டிருக்கீங்க? எந்திரிச்சுப் போய் வேலையைப் பாருங்க."

செல்லக்கா எழுந்தாள்.