மூக்கில்லாத தோட்டா

எனக்கு எந்தத் தோட்டா சரிப்படும் என்று முடிவு செய்ய மூன்று ஆண்பிள்ளைகள் கிளீட்டஸின் துப்பாக்கிக் கடையில் கூடியிருந்தார்கள். துப்பாக்கி என்னுடையது. சுடப்போவதும் நான்தான். ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. குதிரைக்கு லாடம் வாங்க வந்தவர்கள் குதிரையிடமா கேட்பார்கள்?

நான் வெர்லீன். முடி திருத்துவது என் தொழில். கடை கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், கார் ஓட்டி டவுனுக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்கு நானே வேனில் போய் முடி வெட்டி, சுருட்டி, சாயம் போட்டுவிட்டு வருவேன். செவ்வாய்க்கிழமை என்றால் மலைக்கு அந்தப் பக்கம், ரேவன் பள்ளம். போன மாதம் அங்கே ஒரு வீட்டு வாசலில், போதை மாத்திரைக்கு அடிமையான ஒரு பயல் என் வேன் கதவை மறித்துக்கொண்டு கைப்பையைக் கேட்டான். என் கையில் ஹேர்ஸ்ப்ரே இருந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடிப்போய்க் கோழிக்கூண்டில் முட்டி விழுந்தான்.

எனக்கு அது சிரிப்பு. என் வீட்டுக்காரன் ஹார்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ஒரு குட்டைக் குழல் ரிவால்வரை வாங்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். ஐந்து தோட்டா போகும். எடை என்று பார்த்தால் ஒரு டின் சோடாதான். முப்பத்தெட்டாம் நம்பர் என்கிற சாதாரணத் தோட்டாவும் போடலாம், அதைவிடக் காட்டமான மேக்னமும் போடலாம். வம்பு ஆரம்பித்தது அங்கேதான்.

"மேக்னம்தான்," என்றான் ஹார்லன். "சுட்டா சுட்ட மாதிரி இருக்கணும்."

"அண்ணிக்கு எதுக்குண்ணே அவ்வளவு?" என்றான் அவன் தம்பி எம்மெட். சொல்லிவிட்டு அதே மேக்னம் பெட்டியை ஆசையோடு தடவிக்கொண்டிருந்தான்.

கிளீட்டஸ் கல்லாவுக்குப் பின்னாலிருந்து குனிந்தான். "தங்கச்சி, அவங்க கெடக்கறாங்க. இதப் பாரு. முனையில குழி விழுந்திருக்கா? உள்ள போனதும் அப்படியே பூ மாதிரி விரியும்."

"யாருக்குள்ள போனதும்? உனக்குள்ளயா?"

நான் கீழ்த் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தேன். அதுவும் முப்பத்தெட்டாம் நம்பர்தான், ஆனால் தோட்டாவுக்கு மூக்கே இல்லை. பித்தளைக் கூட்டின் வாயோடு ஈயத்தைச் சீவிவிட்டது மாதிரி தட்டையாக இருந்தது. காகிதத்தில் அழகாக வட்ட ஓட்டை போடும் என்று பந்தயத்துக்குச் சுடுகிறவர்கள் வாங்குவார்கள். கையை உதைக்காது.

மூன்று பேரும் சிரித்தார்கள். எம்மெட் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

"அண்ணி, அது காகிதத்தச் சுடுறதுக்கு. உங்க பையப் பிடுங்க வர்றவன் காகிதத்துல செஞ்சவனாவா வருவான்?"

"நான் நாள் பூரா கத்திரி பிடிக்கிற கை, கொழுந்தனாரே. சாயங்காலம் ஆனா மணிக்கட்டு சொன்ன பேச்சு கேக்காது. ஒரு வெடிக்கே கை மரத்துப்போச்சுன்னா மிச்சத்த யாரு சுடுவா? நீ கூட வர்றியா?"

ஹார்லன் சிரிப்பை நிறுத்தினான். "மேக்னம் சுட முடியலைன்னா அந்தப் பள்ளத்துக்குப் போறத விட்டுரு. டவுன் பார்லர்ல ஒரு நாற்காலி போட்டு உக்காரு."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. ரேவன் பள்ளத்தில் ஐடெல்லா என்று ஒருத்தி இருக்கிறாள். வாரத்தில் அவள் பார்க்கிற ஒரே வெளி முகம் என் முகம்தான். தலையில் முடி பாதி கொட்டியாயிற்று, ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையிலேயே உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். அவளை விட்டுவிட்டு, பார்லரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு நகம் பூசவா நான் இத்தனை வருஷம் மலை ஏறி இறங்கினேன்?

"சனிக்கிழமை மேட்டுக்கு வா," என்றேன். "இதே துப்பாக்கி. நீ மேக்னம் சுடு, நான் இந்த மூக்கறையச் சுடுறேன். காகிதத் தட்டுல யாருக்கு ஓட்டை அதிகமோ அவங்க பேச்சுதான் சட்டம். நான் தோத்தா பள்ளத்த விட்டுடறேன். நீ தோத்தா அந்தத் தாடி எனக்கு."

எம்மெட் மேக்னம் பெட்டியைக் கீழே வைத்தான். கல்யாண போட்டோவுக்குப் பிறகு ஹார்லனின் மோவாயை யாரும் பார்த்ததில்லை. மான் வேட்டைக்குத் தாடியோடு போகாவிட்டால் அவனுக்குப் பெயரே மாறிப்போகும்.

"சரி," என்றான்.

மேடு என்பது எங்கள் வீட்டுக்குப் பின்னால், நிலக்கரி வெட்டி முடித்துவிட்டுப் போன இடம். சனிக்கிழமை காலை கிளீட்டஸ் முதல் ஆளாக வந்துவிட்டான். காலி பால் குடுவைகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்து, முதல் குடுவைமேல் ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாகப் போட்டுச் சுட்டுப் பார்ப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். தோட்டா விரிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். பழைய ஜீன்ஸ் கொண்டுவருவதாகச் சொன்ன எம்மெட் மறந்துவிட்டான். நான் வீட்டுக்குள் போய் ஒன்றை எடுத்து வந்தேன்.

கிளீட்டஸ் என் ரிவால்வரால் குழித் தோட்டாவைச் சுட்டான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கடைசிக் குடுவைக்குள்ளிருந்து தோட்டாவை எடுத்துப் பார்த்தால், முனைக் குழிக்குள் ஜீன்ஸ் நூல் அடைத்துக் கிடந்தது. பூவும் விரியவில்லை, மொட்டும் விரியவில்லை.

"குழல் நீளமா இருந்தா வேகமாப் போயிருக்கும், விரிஞ்சிருக்கும்," என்று கிளீட்டஸ் முனகினான்.

"குழல் நீளமா இருந்தா என் கைப்பைக்குள்ள போகாது."

ஹார்லன் அப்போதுதான் துணியைத் திருப்பிப் பார்த்தான். "ஏய், இது நான் சர்ச்சுக்குப் போட்டுக்கற ஜீன்ஸ்!"

"காத்தோட்டமா இருக்கும், போட்டுக்க."

கடுகடுவென்று ரிவால்வரை வாங்கி மேக்னத்தை நிரப்பினான். எம்மெட் மரத்தில் காகிதத் தட்டைக் குத்திவிட்டு வந்தான். எல்லோரும் காதை அடைத்துக்கொண்டோம்.

முதல் வெடி. அடைத்த காதையும் மீறி மண்டைக்குள் இடித்தது. குழல் வாயில் பந்து மாதிரி நெருப்பு. தட்டின் ஓரத்தில் ஓர் ஓட்டை விழுந்தது, அதை மறுக்க முடியாது. இரண்டாவது வெடி தட்டுக்கு மேலே பட்டையைப் பெயர்த்தது. ஹார்லன் கட்டைவிரலை வாயில் வைத்துச் சூப்பினான், ரத்தம். மூன்றாவது மண்ணுக்குப் போனது. நான்காவதுக்கு விசையை இழுத்தான், நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான், அப்போதும் நகரவில்லை.

கிளீட்டஸ் வாங்கிப் பார்த்தான். சோடா டின் எடைத் துப்பாக்கி மேக்னத்தின் உதையில் குலுங்கிய குலுக்கலில், சுடாமல் உள்ளே இருந்த தோட்டாக்களின் ஈயம் கூட்டைவிட்டு முன்னால் நழுவி, தோட்டா உட்காரும் சிலிண்டரைச் சுற்றவிடாமல் முட்டிக்கொண்டு நின்றது.

"ஹார்லன், எதிர்ல நிக்கறவன்கிட்ட கொஞ்சம் பொறுத்துக்கப்பான்னு சொல்லு," என்றேன். "நான் போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரேன்."

எம்மெட் சிரிக்கப் பார்த்து, அண்ணன் முகத்தைப் பார்த்து, இருமிவிட்டான்.

ஒருவழியாகத் தட்டித் தட்டி அதைக் கழற்றிக் கொடுத்தார்கள். நான் என் மூக்கறைகளை நிரப்பினேன். டப், டப், டப், டப், டப். உதை என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. ஐந்தும் தட்டின் நடுவில், வட்டமாக, வெட்டி வைத்தது போல. எம்மெட் தட்டைப் பிடுங்கி எடுத்துவந்து, அதன் ஓட்டைகள் வழியாக அண்ணனைப் பார்த்தான். ஹார்லன் முகத்தில் ஈயாடவில்லை.

மத்தியானம் சமையலறை நாற்காலியில் அவனை உட்கார வைத்து, துண்டு கட்டி, சோப்பு நுரை போட்டேன். இடது பக்கம் முழுக்க இறங்கிவிட்டது. எனக்கு மறந்தே போயிருந்த ஒரு கன்னக்குழி வெளியே வந்தது.

"ஏன்யா அந்த மேக்னத்தையே கட்டிக்கிட்டு அழுத?"

"சத்தத்துக்குத்தான்."

"என்ன சத்தத்துக்கு?"

அவன் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தப் பள்ளத்துல போன் சிக்னல் எடுக்காது. எங்க மரமில்லு மலைக்கு இந்தப் பக்கம்தானே இருக்கு. மேக்னம்னா எனக்குக் கேக்கும். ஓடி வந்துருவேன். நீ வாங்கினது கேக்காது, வெர்லீன்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அட மரமண்டை! மில்லுல ரம்பம் ஓடுது. காதுல ரெண்டு பக்கமும் மூடி போட்டுக்கிட்டு நிக்கிற. பீரங்கி வெடிச்சாலும் உனக்கு எங்கேருந்து கேக்கும்?"

"செவ்வாய்க்கிழமை போடறதில்ல."

கத்தி என் கையிலேயே நின்றது. ஒரு மாதமாகச் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டில் நான் எதைச் சொன்னாலும் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கிழவனாகிவிட்டான் என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த ரம்பத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க வெறும் காதோடு நின்றிருக்கிறான், முட்டாள். அவன்மேல் ஆத்திரமும் ஆசையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"ஒவ்வொரு தலை முடிஞ்சதும் சிக்னல் கெடைக்கிற எடம் வரைக்கும் வண்டிய மலைமேல ஏத்தி உனக்குப் போன் பண்றேன்," என்றேன். "சட்டைப் பையில வெச்சுக்க, நெஞ்சுல அதிரும். ஆனா செவ்வாய்க்கிழமையும் காதுல போடறேன்னு சத்தியம் பண்ணு. இல்லைன்னா இந்தப் பாதித் தாடியோடவே சர்ச்சுக்கு வா."

"என்ன?" என்றான்.

இன்னொரு முறை, கத்திச் சொன்னேன். சத்தியம் செய்தான். காய்ந்த நுரையை நனைத்து மறுபடி போட்டு, மீதித் தாடியைக் காதோரத்திலிருந்து மெதுவாக எடுத்தேன்.