பெட் ஸ்பேஸ், தமிழர்களுக்கு மட்டும்

உடையப்பனுக்கு அந்த ஆளின் பெயர் தெரியாது. முகம் தெரியாது. குரலும் மொபைல் எண்ணும் தெரியும்.

ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் உடையப்பன் டிராஃப்ட்ஸ்மேன். டிராயிங் சாஃப்ட்வேருக்கு மூன்று லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. டீலர் சொன்ன விலையைக் கேட்டு மேனேஜர் ஸ்ரீனிவாசன் முகம் சுளித்தார். நெட்டில் கால் விலைக்குக் கிடைக்கிறது, ஒரிஜினல்தான் என்று சொன்னவன் உடையப்பன். வாங்கிப் போட்டவனும் அவன்தான். ஸ்ரீனிவாசன் முதுகில் தட்டினார். அடுத்த மாதம் சீனியர் போஸ்ட் என்றார். அந்தச் சம்பளத்துக்கு ஃபேமிலி விசா கிடைக்கும். தேவகோட்டையில் அவன் மனைவி உமாராணி பயணத்துக்குப் பெட்டி வாங்கிவிட்டாள்.

மூன்று வாரம் எல்லாம் ஓடியது. டெண்டர் கொடுக்க வேண்டிய நாள் காலையில் மூன்று கணினிகளிலும் ஒரே அறிவிப்பு வந்தது: இந்த லைசென்ஸ் செல்லாது. வரைபடங்கள் திறக்கவில்லை. டெண்டர் போனது. சீனியர் போஸ்ட்டும் போனது.

போலீஸில் சொல்லலாம் என்றான் உடையப்பன்.

"திருட்டு சாஃப்ட்வேர் போட்டோம்னு நாமளே போய்ச் சொல்றதா?" என்றார் ஸ்ரீனிவாசன்.

இணையதளத்தில் வாடிக்கையாளர் சேவை என்று ஓர் உள்ளூர் மொபைல் எண் இருந்தது. உடையப்பன் ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினான். இரண்டாவது வாக்கியத்திலேயே மறுமுனை தமிழுக்கு மாறியது.

"நம்மூரா? சொல்லுங்கண்ணே."

"லைசென்ஸ் வேலை செய்யல."

"மூணு வாரம் செஞ்சுதுல்ல?"

"பணத்தைத் திருப்பிக் குடு."

"கால் விலைக்குக் கறி வாங்கும்போது என்ன ஆடுன்னு கேட்டீங்களா? தின்னு முடிச்சுட்டு எலும்பைத் தூக்கிட்டு வர்றீங்க."

"உன்னை விடமாட்டேன்டா."

"வாங்கண்ணே. வந்தா டீ வாங்கித் தர்றேன். அட்ரஸ் இருக்கா?"

சிரிப்பு கேட்டது. பின்னால் யாரோ கேரம் ஆடும் சத்தம். மறுநாள் மீண்டும் அழைத்தான். "புகார்ப் பிரிவு சாப்பிடப் போயிருக்கு," என்றது அதே குரல்.

அந்த எண் தொடர்ந்து இணையதளத்தில் இருந்தது. அந்த ஆளின் கடை அதுதான். கடையை மூட வேண்டும் என்று உடையப்பன் முடிவு செய்தான்.

அந்த வருடம் வாடகை கண்டபடி ஏறியிருந்தது. ஒரு கட்டிலுக்கு ஊரே அலைந்தது. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், சூப்பர்மார்க்கெட் சுவர் எங்கும், அறையில் ஒரு கட்டில் வாடகைக்கு என்று பெட் ஸ்பேஸ் நோட்டீஸ்கள். அடியில் மொபைல் எண்ணை வரிசையாக அடித்துக் கத்தரித்துவிட்டிருப்பார்கள். வேண்டியவன் ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வான்.

உடையப்பன் ஆபீஸ் பிரிண்டரில் நோட்டீஸ் அடித்தான். பெட் ஸ்பேஸ், தமிழர்களுக்கு மட்டும், ஏசி, சமையல் உண்டு. ஊர் விலையில் பாதி போட்டான். அடியில் அந்த ஆளின் எண். கட்டிலுக்கு அலைகிறவர்கள் வீணாக அழைப்பார்களே என்று நினைத்தான். நினைத்துவிட்டு ஒட்டினான்.

மறுநாள் அந்த எண் பகல் முழுக்க பிஸியாக இருந்தது. மணிக்கொருமுறை அழைத்துப் பார்த்து, லைன் கிடைக்காத சத்தத்தை ஒரு பாட்டைப்போலக் கேட்டான். நோட்டீஸ் கிழிந்த இடங்களில் புதிதாக ஒட்டினான்.

பத்து நாள் கழித்து மணிகண்டன் சைட் ஆபீஸுக்கு வந்தான். திருவாடானைக்காரன். விசா கொடுத்த கஃபீலிடம் வேலை இல்லாமல், இந்த சைட் போல வெளியிடங்களில் தினக்கூலிக்கு அலைகிறவன். பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணே, ஏமாந்துட்டேன்."

உள்ளங்கையில் நோட்டீஸின் கிழிந்த துண்டு. உடையப்பன் அச்சடித்த எண்.

"அட்வான்ஸ் குடுத்தேன். ரூமுக்குக் கூட்டிட்டுப் போகல. கீழ நின்னே காட்டினான். மூணாவது மாடி, அந்த ஏசி சொட்டுது பாருங்க, அதுதான்னான். வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்கிட்டுப் போனா ஒரு சிரியாக்காரர் பனியனோட வந்து கதவைத் திறக்குறாரு. என்னைவிட அவருதான் பயந்துட்டாரு."

"நீ மட்டுந்தானா?"

"தெரிஞ்சு ஏழு பேரு."

உடையப்பன் துண்டைத் திருப்பிப் பார்த்தான். தொல்லை கொடுக்க ஆட்களை அனுப்பினான். அந்த ஆள் அவர்களையும் விற்றுக் காசாக்கிவிட்டான்.

"நேர்லயா வந்தான்?"

"பின்ன? எங்கள்ட்ட என்ன பேங்க் கார்டா இருக்கு? கையில வாங்கினாத்தான உண்டு."

உடையப்பன் எழுந்து கதவைச் சாத்தினான். "மத்த ஆறு பேரையும் கூட்டிட்டு வா."

புதிய சிம்மில் இருந்து அழைத்தான். தயங்கித் தயங்கி, கட்டில் இருக்குங்களா என்று கேட்டான். குரலை அந்த ஆளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருவேளை யாருடைய குரலையும் அவன் வைத்துக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின், சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பார்க்கிங்குக்கு அந்த ஆள் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை. உடையப்பனைவிட இளையவன், ஒல்லி. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. உடையப்பன் அந்த முகத்தை அவசரமில்லாமல் பார்த்தான்.

"அந்தா, மூணாவது மாடி. ஏசி சொட்டுது பாருங்க."

"பாக்குறேன்."

"இன்னும் ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. அட்வான்ஸ் குடுத்தா பேரைப் போட்டுருவேன்."

உடையப்பன் பணத்தைக் கொடுத்தான். அவன் எண்ணும்போது மணிக்கட்டைப் பிடித்தான். வேன்களுக்குப் பின்னால் இருந்து ஏழு பேரும் வந்தார்கள்.

முதல் அடி மணிகண்டனுடையது. அடுத்தவை யாருடையவை என்று தெரியவில்லை. கம்பெனி அட்டை அறுந்து விழுந்தது.

"அடிக்காதீங்கண்ணே! எல்லாருக்கும் குடுத்துடறேன். காசு ரூம்லதான் இருக்கு. பக்கத்துலதான்."

கைகள் நின்றன.

"கேட்டீங்களாண்ணே?" என்றான் மணிகண்டன், மூச்சு வாங்க. "காசு இருக்காம். வாங்கிட்டு விட்டுருவோம். கலாஸ், அதோட முடிஞ்சுது."

உடையப்பன் மொபைலை எடுத்தான்.

"யாருக்குண்ணே?"

"போலீஸுக்கு."

"அண்ணே, போலீஸ் வேண்டாம்! எங்க நெலம தெரியும்ல? காசு தர்றேங்குறான்ல?"

"இன்னிக்குத் தருவான். நாளைக்கு சிம்மை மாத்திட்டு வேற ஒருத்தனை ஏமாத்துவான்."

"ஏமாத்தட்டும்! எனக்கு என் காசு வேணும்ணே."

அதற்குள் உடையப்பன் இடத்தைச் சொல்லிவிட்டான்.

ஆறு பேர் ஓடினார்கள். மணிகண்டன் சில அடி போய்த் திரும்பினான்.

"அவன் என் காசைத்தான் எடுத்தான். நீங்க அது திரும்பி வர்ற வழியவே அடச்சிட்டீங்க. அப்படி என்னய்யா உனக்கு அவன்மேல?"

மணிகண்டன் கீழே துப்பிவிட்டு வேன்களுக்கு நடுவே ஓடினான்.

இப்போது இருவர் மட்டும். உடையப்பன் அந்த ஆளைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தான்.

ரோந்து வண்டி வந்தது. போலீஸ்காரர் உடைந்த இந்தியில் கேட்டார். புகார் யாருடையது? நான்தான் என்றான் உடையப்பன். அவர் சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்து, அந்த எண்ணுக்குத் தன் மொபைலில் இருந்து அழைத்தார். ஒல்லியானவனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

கோர்ட்டில் கூப்பிடுவார்கள், நீ இங்கே இருக்க வேண்டும், ஊருக்குப் போய்விட்டால் கேஸ் கலாஸ் என்றார்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டான் உடையப்பன். அவர் கையை விரித்தார்.

பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருந்தான். இரண்டு வருடத்தில் முதல் லீவு. விசாதான் இல்லை, நீங்களாவது வாங்க என்று உமாராணி சொல்லியிருந்தாள்.

"இருப்பேன்," என்றான்.

வண்டியில் ஏற்றும்போது ஒல்லியானவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். உதட்டில் ரத்தம். "அண்ணே, காசு வாங்கினேன், ஒத்துக்கறேன். ஆனா சத்தியமா அந்த நோட்டீஸை நான் ஒட்டல. யாரோ எவனோ ஒட்டுனான்."

"தெரியும்."

அவன் திரும்பினான். கண்கள் உடையப்பனின் முகத்தில் எதையோ தேடின. பிறகு வாய் மெல்லத் திறந்தது.

"லைசென்ஸா?"

"ஆமா."

"எந்தக் கம்பெனிண்ணே?"

உடையப்பன் கம்பெனிப் பெயரைச் சொன்னான். அவன் புருவத்தைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. தலையை ஆட்டினான்.

போலீஸ்காரர் அவன் கையைக் கம்பியிலிருந்து விடுவித்து உள்ளே தள்ளினார். உடையப்பன் சுற்றிவந்து முன்சீட்டில் ஏறினான்.