நேரலைக்கு மணியடித்தவர்

சங்கீதத்தை அளக்கத் தியேட்டர்காரரிடம் ஒரே ஒரு படிக்கல்தான் இருந்தது. பாட்டு வரும்போது ஒருவரும் எழுந்திருக்காவிட்டால் அது நல்ல பாட்டு. பாதிப் பேர் எழுந்தால் சுமார். மொத்தக் கூட்டமும் எழுந்து போனால் அது கேன்டீனுக்கு நல்ல பாட்டு.

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டுதான் அவர் தம் ஒரே மகளிடம், பாட்டுப் படிக்கக் கடல் தாண்டிப் போகாதே என்று வாதாடினார். வாதாடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பேரம் பேசினார். "வாரத்துல மூணு நாள் பாடு, மூணு நாள் டிக்கெட் கவுன்டர்ல உக்காரு, ஒரு நாள் லீவு எடுத்துக்கோ" என்றார்.

"ஊரார் பாட்டையெல்லாம் வாங்கி வித்தீங்க. எம் பாட்டை மட்டும் வாங்க மனசு வரல" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் தூக்கினாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு மணிக்கணக்கில் ஃபோனில் பேசுவாள். அப்பாவிடம் "சாப்டீங்களா" என்பாள். "சாப்டேன்" என்பார். அத்தோடு கடை மூடிவிடும்.

ஒருநாள் அவர் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் செய்தி சொன்னாள். மகள் சேர்ந்திருக்கும் ஓபரா அரங்கிலிருந்து, வசனமே இல்லாமல் பாட்டாகவே நடக்கும் ஒரு நாடகத்தை நேரலையாகப் பல நாட்டுத் தியேட்டர்களுக்கு அனுப்பப் போகிறார்கள். அதில் மகளுக்கு வேலைக்காரி வேஷம். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் கையில் விளக்கோடு தனியாக வந்து ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவாள்.

"வேலைக்காரியா?" என்றார் தியேட்டர்காரர்.

"கவுன்டர்ல உக்காரச் சொன்னவரு நீங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் அவர் மொட்டைமாடியில் பெரிய டிஷ் பொருத்த ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம் "புது வியாபாரம்" என்று மட்டும் சொன்னார். உண்மைக் காரணத்தை அவர் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஆகவே ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

இங்கே அவருடைய தியேட்டரின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே இடைவேளையை வைப்பவர் படத்தை எடுத்தவர் அல்ல, இவர். கேன்டீன் நடத்துகிறவன் மனைவியின் தம்பி. பாப்கார்ன் பொரிந்து, காபி கொதித்து, எல்லாம் தயார் ஆனதும் அவன் பக்கவாட்டுக் கதவில் தலையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டுவான். இவர் பின்சுவரில் இருக்கும் மணிப் பொத்தானை அழுத்துவார். ஆபரேட்டர் படத்தை நிறுத்துவார். கதாநாயகன் மலை உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தால் பாப்கார்ன் விற்று முடியும்வரை தொங்கட்டும். இதுவரை எந்தக் கதாநாயகனும் குறை சொன்னதில்லை.

நேரலை நாளன்று சாயங்காலம் அரங்கு நிறைந்திருந்தது. சொந்தக்காரர்கள் பாசத்தில் வந்திருந்தார்கள். கடைவீதிக்காரர்கள் தட்டமுடியாமல் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மனைவி, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில். பின்வரிசையில், மணிப் பொத்தானுக்குக் கை எட்டும் தூரத்தில், தியேட்டர்காரர். அவர் பக்கத்தில் பால்ய நண்பரான இரும்புக்கடைக்காரர்.

முதல் அங்கத்தில் பருத்த ராஜா ஒருவன் கதவைத் திறக்கப் போவதாகப் பாடினான். பாடினான், பாடினான், பாடிக்கொண்டே இருந்தான். கதவு திறக்கவில்லை.

"கீல் துருப்பிடிச்சிருக்கு" என்றார் இரும்புக்கடைக்காரர். "நம்ம கடைக்கு ஆள் அனுப்பச் சொல்லு."

"பேசாம பாருப்பா. இது உசந்த கலை."

"உனக்குப் புரியுதா?"

"புரியாததுதான் உசத்தி" என்றார் தியேட்டர்காரர், அதைத் தாமே நம்பியவராக.

ராஜா ஒருவழியாகத் திரும்பிப் போனான். திரை விழுந்தது. அடுத்து அந்தத் தூரதேசத்து அரங்கின் கூடம் தெரிந்தது. கோட்டு போட்ட கனவான்களும் நகை போட்ட சீமாட்டிகளும் கையில் கோப்பையோடு உலாவினார்கள். ஓர் ஓரத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடியது. அது அவர்களுடைய இடைவேளை. தியேட்டர்காரர் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தார். மச்சினன் கட்டைவிரலுக்குப் பதிலாக உள்ளங்கையைக் காட்டிவிட்டு, குனிந்தபடி ஓடி வந்தான்.

"அத்தான், பாப்கார்ன் மெஷினே இப்பத்தான் சூடாகுது. இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க."

ஓட்டினார். மணி அடிக்கவில்லை என்பதால் இங்கே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யாரோ முன்பின் தெரியாதவர்கள் குடிப்பதையும் சிரிப்பதையும் அரங்கு முழுக்கப் பயபக்தியோடு பார்த்தது.

"இந்த சீன் பரவால்ல" என்றார் இரும்புக்கடைக்காரர். "யாரும் பாடல."

கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. விளக்குகள் அணைந்தன. திரை உயர்ந்தது. மேடையில் இருண்ட அறை, வெறும் மேஜை, மெல்லிய வயலின். சரியாக அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவில் கட்டைவிரல் உயர்ந்தது.

தியேட்டர்காரரின் கை தானாகப் போயிற்று. அவர் கணக்கு சுத்தமான கணக்கு. மகள் வருவது இரண்டாம் பாதியில். இரண்டாம் பாதி தொடங்குவது இடைவேளைக்குப் பிறகு. இடைவேளை வருவது தாம் மணி அடித்த பிறகு. அடித்தார். ஆபரேட்டர், பழகிய கை, படத்தை மூடி ஒலியையும் அடக்கினார். விளக்குகள் எரிந்தன.

முன்வரிசையில் மனைவி எழுந்து நின்று, திரும்பி, அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் பொருள் கண்டுபிடித்துக் காபி அனுப்பினார்.

கேன்டீன் அமர்க்களப்பட்டது. அவர் வாசலில் நின்று, "அடுத்தது நம்ம பாப்பாதான், சீக்கிரம் வாங்கிட்டு வாங்க" என்று எல்லோரையும் விரட்டினார். பிறகு படியேறி ஆபரேட்டர் அறைக்குப் போனார்.

"விட்ட இடத்துலேர்ந்து போடு. ஒரு நிமிஷம் முன்னாடியே போட்டாலும் சரி."

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "விட்ட இடம்னு ஒண்ணும் இல்லியே முதலாளி. இது நம்ம மெஷின்ல இல்ல. அங்க அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு."

"அது எப்படி? நாம நிறுத்திட்டோமே?"

"நம்ம கண்ணை மூடிக்கிட்டோம். அவ்ளோதான்."

இத்தனை வருட வியாபாரத்தில், தம் தியேட்டரைக் கேட்காமல் ஒரு படம் நகரும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. "திற" என்றார். கையாலும் காட்டினார்.

திரை திறந்தது. மேஜைமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொண்டுவந்து வைத்தவளைக் காணோம். அந்தத் தூரதேசத்து அரங்கு விடாமல் கைதட்டிக்கொண்டிருந்தது.

தியேட்டர்காரர் படியிறங்கி வந்து, குற்றவாளி தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைவதுபோல, மனைவியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காபி நல்லா இருந்துச்சு" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி. அவர் கன்னத்தில் ஓர் அறையே எதிர்பார்த்திருந்தார். அது கிடைத்திருந்தால் மலிவு.

மூன்றாம் அங்கத்துக்கு முன்னால் பக்கவாட்டுக் கதவில் மறுபடி கட்டைவிரல் தெரிந்தது.

"மாப்ளே, அந்த வெரலை மடக்கு" என்றார். "இல்லன்னா ஒடிச்சுடுவேன்."

ராஜா செத்தான். சாவதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கடை திறந்து, நடத்தி, நொடித்துப்போயிருக்கலாம். திரை விழுந்ததும், எல்லாப் படத்துக்கும் செய்கிற மாதிரியே, வாசல்காரர் கதவுகளை விரியத் திறந்தார். ஜனம் எழுந்துவிட்டது. அப்போதுதான் திரை மறுபடி உயர்ந்து, நடிகர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வணங்க வரிசையாக வந்தார்கள்.

தியேட்டர்காரர் பாய்ந்து முன்னால் ஓடினார். வெண்திரைக்கு எதிரே நின்று இரண்டு கையையும் விரித்தார். "உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. இன்னும் முடியல."

அவருடைய தலையின் நிழல் வரிசையின் கடைசி ஆள்மேல் கச்சிதமாக விழுந்தது. கடைசி ஆள் வேலைக்காரி.

"யோவ், குனி" என்றார் இரும்புக்கடைக்காரர் பின்வரிசையிலிருந்து.

குனிந்தார். குனிந்தபடியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு ஆள் உயரத்தில் மகள். மெலிந்திருந்தாள். வணங்கி நிமிர்ந்தவள் நேராகப் பார்த்துச் சிரித்தாள். கேமராவைப் பார்த்துத்தான். ஆனாலும் அவர் குனிந்த நிலையிலேயே கைதட்டினார். திரைக்குக் கைதட்டுகிறவர்களைப் பார்த்து முப்பது வருடம் சிரித்தவர் அவர்.

எல்லோரும் வெளியே வந்தபின், தியேட்டர் முன்கூடத்தில் மனைவியின் ஃபோன் அடித்தது. அவள் எடுத்து, கேட்டு, அவரிடம் நீட்டினாள். "உங்ககிட்டதான் கேக்கணுமாம்."

சுற்றிலும் நின்றவர்கள் விளம்பர அட்டைகளை உற்றுப் படிக்கத் தொடங்கினார்கள்.

"பாத்தீங்களாப்பா?"

கையிருப்பில் தரமான பொய்கள் இருந்தன. டிஷ் திரும்பிவிட்டது, கரன்ட் போய்விட்டது, மழை. "ஆஹா, விளக்கோட வந்தியே, கண்ணு பட்டிருக்கும்" என்பதுகூடச் செலவில்லாத சரக்குதான். வாயைத் திறந்தார்.

"மணி அடிச்சுட்டேன்மா."

அந்தத் தியேட்டரிலேயே வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"மாமா வெரலைக் காட்டினாரா?"

"காட்டினான்."

ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எதிரே நிற்கும் ஆளின் முகம் பார்த்தே விலை சொல்லிப் பழகியவருக்கு ஃபோன் பெரிய தண்டனை.

"அந்தப் பாட்டை இப்ப ஒருதடவை பாடும்மா."

"முடியாதுப்பா."

"ரெண்டு வரி."

"ம்ஹும்."

"ஒரு வரி. அதுக்குமேல கேக்கல."

"அப்பா, இதுல பேரம் கிடையாது. இன்னும் ரெண்டு வாரம் இங்க பாடறேன். கேக்கணும்னா வந்து உக்காருங்க."

கடல், டிக்கெட், விசா, புரியாத பாஷை, கதவு திறக்காத அந்த ராஜாவை மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டிய கொடுமை, எல்லாம் அவர் மனத்தில் வரிசைகட்டி வந்தன. மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள், ஏதோ அப்போதே கிளம்புகிறவள்போல.

"வரோம்மா" என்றார்.

ஃபோனை வைத்ததும் மச்சினன் நெருங்கி வந்து நின்றான். "தைரியமா போயிட்டு வாங்க அத்தான். தியேட்டரை நான் பாத்துக்கறேன்."

அவன் முகத்தைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று இடைவேளை விழும் என்று அதில் எழுதியே இருந்தது.

"பாத்துக்கோ மாப்ளே" என்றார்.