மலக்கியின் உடைந்த கை

தாத்தாவின் காகிதங்களை நகர ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுவது என்று அப்பாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்குப் பிறகு முடிவாயிற்று. பதினோரு பெட்டிகள். தாத்தா மலக்கி கான்சிடைன் அயர்லாந்தின் கிளேரிலிருந்து அமெரிக்காவின் இந்தச் செம்புச் சுரங்க ஊரான பியூட்டுக்கு வந்த கட்டடக் கலைஞர். தீயணைப்பு நிலையம், இரண்டு பள்ளிக்கூடங்கள், செயின்ட் கொல்மன் கோயில் எல்லாம் அவர் கட்டியவை. கோயில் வரைபடத்தின் ஒவ்வொரு கோடும் அவர் கையாலேயே விழுந்தது என்பது எங்கள் வீட்டில் செபமாலைக்கு அடுத்தபடியான நம்பிக்கை.

அக்கா பிரீட் வரைபடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பிஸ்கட் டப்பாவிலிருந்த கடிதங்களை அடுக்கினேன். தாத்தா ஊரிலிருந்த தன் அம்மாவுக்கு எழுதியவை அவை. அந்த அம்மா இறந்தபின் உறவினர் ஒருவர் திருப்பி அனுப்பியிருந்தார். அவள் எழுதிய பதில்களையும் தாத்தா அதிலேயே போட்டு வைத்திருந்தார்.

1909 பிப்ரவரிக் கடிதம் தாத்தாவின் கையெழுத்தில் இல்லை. பிழைகள் ஏராளம். ஆனால் ஒவ்வோர் எழுத்தும் இழைத்து நிறுத்தியதுபோல் நேராக நின்றது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அம்மா, வேறு கையெழுத்து என்று பயந்துவிடாதே. சாரத்திலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவன் எய்னோ லாஹ்டினென், பக்கத்து அறை பின்லாந்துக்காரன். அவன் ஊரில் தச்சன். இங்கே சுரங்கத்தில் ஒரு காலை இழந்தவன். ஈஸ்டருக்குள் ஆயரிடம் வரைபடம் போகாவிட்டால் கோயில் வேலை கைநழுவிவிடும். நான் சொல்கிறேன், அவன் வரைகிறான். எனக்குக் கையில்லை, அவனுக்குக் காலில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் தேறுவோம். அவன் லூத்தரன்தான், நம் கத்தோலிக்கச் சபை இல்லை. இருந்தாலும் அவனுக்காகவும் செபம் சொல்."

அக்கா துணியைக் கீழே போட்டாள். "அப்போ கோயில் வரைபடம் மொத்தமும் அந்தப் பின்லாந்துக்காரன் வரைஞ்சதா? ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சோமேடி!"

"யோசிச்சது தாத்தாதானே, அக்கா."

"இருபது வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கோயில் ஜன்னலைத் தாத்தா வரைஞ்சதுன்னு காட்டிக் காட்டிப் பேசுனவ நான். இந்த ஒரு கடிதாசியைத் தனியா எடுத்து வெச்சிடு. பதினோரு பெட்டியில ஒரு காகிதம் குறைஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?"

"தாத்தா அவங்க அம்மாகிட்டயே மறைக்கலை. நாம எதுக்கு மறைக்கணும்?"

"வந்துட்டா நியாயம் பேச!"

நான் அடுத்த கடிதத்தைப் பிரித்தேன். அந்த அம்மாவின் பதில் அது.

"மகனே, அந்தப் பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். இருப்பது ஒரு கால்தான் என்று எழுதியிருந்தாய். ஆனாலும் இரண்டு பின்னினேன். ஒன்று காயும்போது போட்டுக்கொள்ள இன்னொன்று வேண்டாமா? லூத்தரனானால் என்ன, குளிருக்கு அதெல்லாம் தெரியுமா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். தூசித் துணியாலேயே கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கரி.

"போனை எடு. லாஹ்டினென் குடும்பத்துல யாராச்சும் இன்னும் இருக்காங்களான்னு பாரு" என்றாள்.

ஒருத்தி இருந்தாள். எய்னோவின் பேத்தி மார்யா. எழுபது வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை மதியம் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி மூன்று சுடச்சுட வாங்கிக்கொண்டு போனோம்.

"கான்சிடைன் குடும்பமா? கத்தோலிக்கக் கூட்டம் என் வாசல்ல நிக்குதுன்னா ஊர்ல யாரோ செத்திருக்கணுமே!" என்றுதான் கதவைத் திறந்தாள்.

கடிதத்தை நீட்டினேன். மெதுவாகப் படித்தாள். படித்து முடித்தபின் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"எங்க தாத்தா கைதான். மளிகைச் சீட்டைக்கூட இப்படித்தான் எழுதுவார். ஞாயித்துக்கிழமையானா என்னைக் கூட்டிட்டுப் போய் உங்க கோயிலுக்கு எதிர்ல நிப்பார். உள்ள போகமாட்டார். என்ன தாத்தா பாக்குறீங்கன்னு கேட்டா, ஜன்னல் கோணலா இருக்கான்னு பாக்குறேன்பார். கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு அம்மா சொல்லுவா. நானும் நம்பிட்டேன்." கடிதத்தை மறுபடி கண்ணருகே கொண்டுபோனாள். "நம்பிட்டேனே."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் இல்லேன்னா எங்க தாத்தா அந்த வருஷமே கப்பலேறித் திரும்பியிருப்பார். நாங்க யாருமே இந்த ஊர்ல இருந்திருக்கமாட்டோம். நூறு வருஷம் கழிச்சு நன்றி சொல்ல வந்திருக்கோம், மார்யா. கோவிச்சுக்காதீங்க."

"தெரிஞ்சதும் வந்துட்டீங்கல்ல, போதும். சாப்பிடுங்க, ஆறிடப்போவுது."

திங்கட்கிழமை காப்பகத்தில் தொகுப்புக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்: "கான்சிடைன் குடும்பக் காகிதங்கள். கோயில் வரைபடங்களுக்கு மட்டும் தனியா எழுதுங்க: யோசனை மலக்கி கான்சிடைன், வரைந்தது எய்னோ லாஹ்டினென்."

அடுத்த ஞாயிறு மார்யா கோயிலுக்குள் வந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. எங்கள் வரிசையில் உட்கார்ந்தாள். எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் விழித்தபோதெல்லாம் அக்கா அவள் சட்டைக் கையை இழுத்தாள். இறந்தோர் மன்றாட்டில் சாமியார் மலக்கி, எய்னோ என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொன்னார். பூசை முடிந்ததும் அவளை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று காரில் கிளம்பிப் போன அக்கா, சாயங்காலம்தான் திரும்பி வந்தாள்.